49ஆம் பாரில் பிரிந்த வழி: மேடையில் மனப்பாடம் தவறிய ஒரு பியானோ மாணவி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் மாணவிக்கு அப்போது வயது 16. பியானோ கற்கத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசி மூன்று ஆண்டுகளாக அவருக்குக் கற்பித்துவந்தவள் நான். அவருடைய ஒப்புதலோடும் பெற்றோரின் ஒப்புதலோடும் இதை எழுதுகிறேன். விரல் சுத்தம், தாளக் கட்டுப்பாடு, செவி ஆகிய மூன்றிலும் அவரிடம் குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை. அதனால்தான் நடந்ததை விரிவாகப் பதிவு செய்வது அவசியம் என்று கருதுகிறேன். திறமை குறைந்தவர்களுக்குத்தான் மேடையில் மறதி வரும் என்ற எண்ணம் ஆசிரியர்களிடையே பரவலாக இருக்கிறது. எனக்கும் அது இருந்தது.

ஒரு பொது நிகழ்ச்சியில் இரண்டு படைப்புகளை இசைத்தாள் இல்லாமல் வாசிக்க அவர் ஒப்புக்கொண்டிருந்தார். ஒன்று, இசையமைப்பாளர் பாக் 1722இல் தொகுத்த 24 முன்னிசை, ஃப்யூக் (ஒரே கருப்பொருளைப் பல குரல்கள் தொடரும் வடிவம்) இணைகளின் முதல் நூலைத் திறந்துவைக்கும் சி மேஜர் (சி ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட சுருதி) முன்னிசை. மொத்தம் 35 பார்கள். (இசைத்தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட ஒரு கூறையே பார் என்கிறோம்.) மற்றொன்று, மோட்சார்ட் 1788 ஜூன் 26 அன்று தம் படைப்புப் பட்டியலில் ‘தொடங்குவோருக்கானது’ என்று குறித்துவைத்த சி மேஜர் சொனாட்டாவின் முதல் பகுதி, மொத்தம் 73 பார்கள்.

இசைத்தாள் இல்லாமல் வாசிப்பது இன்று பியானோ மேடையின் எழுதப்படாத விதியாகிவிட்டது. ஆனால் அது பழைய மரபு அன்று. பின்னாளில் கிளாரா ஷூமான் என்று அறியப்பட்ட இளம் கலைஞர் 1837இல் பெர்லினில் பேத்தோவனின் சொனாட்டாவை மனப்பாடமாக வாசித்தபோது, அதை அகந்தை என்று கடிந்தவர்கள் இருந்தார்கள். அவரும் லிஸ்ட் என்ற பியானோ கலைஞரும் பழக்கப்படுத்தியது பின்னர் எல்லோருக்கும் கட்டாயமாயிற்று. எப்படி மனப்பாடம் செய்வது என்பதை மட்டும் பெரும்பாலான வகுப்புகளில் யாரும் தனியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. என் வகுப்பிலும் அதற்கு இடம் இருக்கவில்லை.

தயாரிப்புக்கு 14 வாரங்கள் கிடைத்தன. மாணவி தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் பயின்றார். ஒவ்வொரு படைப்பையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசித்து, தவறிய இடத்தைத் திருத்திவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து வாசிப்பார். ஐந்தாம் வாரத்திலேயே, மனப்பாடம் செய்கிறேன் என்ற முயற்சி எதுவும் இல்லாமல், இசைத்தாளைப் பார்ப்பது தானாக நின்றுபோயிற்று. பன்னிரண்டாம் வாரத்தில் பத்து முறை வாசித்தால் ஒன்பது முறை பிசிறில்லாமல் வந்தது. இவ்வளவு போதும் என்று நான் முடிவு செய்தேன்.

முதல் மேடை

பாக் முன்னிசை நன்றாக நடந்தது. மோட்சார்ட்டின் தொடக்கமும் அப்படியே.

அடுத்து நடந்ததை விளக்க, இந்தப் பகுதியின் அமைப்பைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். முதல் 28 பார்கள் முன்வைப்பு, அதாவது கருப்பொருள்களை அறிமுகப்படுத்தும் பகுதி: கருப்பொருள் சி மேஜரில் தொடங்கி, ஸ்கேல் ஓட்டங்கள் (ஸ்வரங்கள் வரிசையாக ஏறி இறங்குபவை) வழியாக ஜி மேஜருக்குப் போய் அங்கேயே முடிகிறது. 29 முதல் 41 வரை, அவற்றை மாற்றி விரிக்கும் வளர்ப்பு. 42இல், கருப்பொருள்கள் திரும்ப வரும் மீள்வருகை. வழக்கமாக மீள்வருகை தொடங்கும்போது படைப்பு தன் சொந்தச் சுருதிக்குத் திரும்பும்; மோட்சார்ட் இங்கே அப்படிச் செய்யாமல் கருப்பொருளை எஃப் மேஜரில் கொண்டுவருகிறார். அதன்பின் வலது கையின் ஸ்கேல் ஓட்டங்கள் பாருக்கு ஒன்றாக இறங்கிவருகின்றன. முன்வைப்பில் அவை ஏ, ஜி, எஃப், ஈ என்ற ஸ்வரங்களில் தொடங்கின. மீள்வருகையில் டி, சி, பி ஃபிளாட், ஏ.

ஆகவே முன்வைப்பு ஓட்டங்களில் முதலாவது வரும் 5ஆம் பாரும், மீள்வருகை ஓட்டங்களில் நான்காவது வரும் 49ஆம் பாரும் ஒரே ஸ்வரமான ஏயில் தொடங்குகின்றன. ஏறி இறங்கும் வடிவமும் ஒன்றே. 49இல் பி ஃபிளாட் (பிக்கு இடப்பக்கத்துக் கறுப்பு விசை), 5இல் சாதாரண பி. வலது கைக்குத் தெரியும் வேறுபாடு அவ்வளவுதான். ஆனால் அடுத்து வருவது முற்றிலும் வேறு: 49க்குப் பிறகு நான்கு பார்களுக்கு ஸ்கேல் ஓட்டத்தை இடது கை எடுத்துக்கொள்கிறது. முன்வைப்பில் இல்லாத நான்கு பார்கள் இவை. 28 பார் முன்வைப்புக்கு ஈடான மீள்வருகை 32 பார் ஆவது இவற்றால்தான்.

மாணவி 49இல் பி ஃபிளாட்டுக்குப் பதிலாக பி வாசித்தார். அரங்கில் யாருக்கும் அது தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கணத்தில் அவருடைய கை 5ஆம் பாருக்குள் நுழைந்துவிட்டது. ஜி, எஃப், ஈ என்று பழகிய வழியில் இறங்கி, இரண்டாம் கருப்பொருளை ஜி மேஜரில் வாசித்து, முன்வைப்பின் முடிவுக்கே வந்து நின்றார். அங்கிருந்து விரல்களுக்குத் தெரிந்த ஒரே பாதை வளர்ப்பு. அதை வாசித்தார், மறுபடியும் எஃப் மேஜர் வந்தது, மறுபடியும் 49. இந்த முறை இடறுவதை அவரே உணர்ந்து கையை எடுத்தார். 46இலிருந்து இரண்டு முறை முயன்றார், இரண்டும் அதே இடத்தில் நின்றன. பின் எழுந்து, அவையை வணங்கி, மேடையைவிட்டு இறங்கினார்.

“வீட்ல ஒரு தடவைகூட அந்த இடத்துல தப்பினதே இல்ல, மிஸ்” என்பதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. அது உண்மை என்பது எனக்கும் தெரியும்.

கவனித்தவை

நான்கு நாள் கழித்து, அவர் சம்மதித்த பிறகு, வகுப்பறையில் சில சோதனைகள் செய்தோம். குறை கண்டுபிடிப்பதற்காக அல்ல, அவருக்குத் தெரிந்திருப்பது எது என்று பார்ப்பதற்காக என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

முதலில், தாள் இல்லாமல் குறிப்பிட்ட இடங்களிலிருந்து தொடங்கச் சொன்னேன். எட்டு இடங்களில் மூன்றில் மட்டுமே அவரால் தொடங்க முடிந்தது: 1, 29, 42. மற்ற இடங்களுக்குப் போக, பின்னோக்கிச் சென்று அங்கிருந்து ஓடிவர வேண்டியிருந்தது. அடுத்து, வழக்கமான வேகத்தில் பாதிக்கும் கீழே வாசிக்கச் சொன்னேன். வேகம் குறைந்ததும் 49இல் மட்டுமல்லாமல் வேறு இரண்டு இடங்களிலும் கை நின்றது. இடது கையை மட்டும் வாசித்தபோது ஒன்பதாம் பாரைத் தாண்ட முடியவில்லை. கடைசியாக வெற்றுத் தாளில் எழுதச் சொன்னேன், முதல் நான்கு பார்களின் வலது கையை எழுதியவர், ஐந்தாவதில் பேனாவை வைத்துக்கொண்டு, “இங்க ஸ்கேல் வரும். எதுல ஆரம்பிக்கும்னு கை வச்சாத்தான் தெரியும்” என்றார்.

ஆனால் முழு மெட்டையும், மீள்வருகை உட்பட, அவரால் வாயால் பாட முடிந்தது. இதைக் கண்டபோது நான் உண்மையில் நிம்மதியடைந்தேன். இசை அவருக்குள் முழுமையாக இருந்தது. தேவைப்படும்போது அதை எடுத்துக் கையில் கொடுக்கும் வழிதான் இல்லை.

ஒரு வாசிப்பை நினைவில் தாங்குபவை பல: விரலின் அசைவுப் பழக்கம், செவி, தாளையும் விசைப்பலகையையும் பார்த்த கண், இந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரிந்த அறிவு. முதல் மூன்றும் பயிற்சியின்போது நாம் கேட்காமலே சேர்ந்துவிடுகின்றன. நான்காவது கேட்டால்தான் வரும். விரல் பழக்கம் சங்கிலி போன்றது. ஒவ்வொரு கண்ணியும் முந்தையது இழுத்தால்தான் வரும், நடுவில் அறுந்தால் பிடித்துக்கொள்ள எதுவும் இராது. வீட்டில் அது அறுவதில்லை. அதே பியானோ, அதே நாற்காலி, அதே வெளிச்சம். மேடையில் இருந்ததோ விசைகள் கனமான வேறொரு பியானோ. பதற்றத்தில் அவர் தம் விரல்களையே உற்றுக் கவனிக்கத் தொடங்கியிருந்தார். தானாக நடக்கும் காரியத்தைக் கவனித்தால் அது தடுமாறும்.

தவறு ஏன் 49இல் நேர்ந்தது என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இதை நாங்கள் தற்செயலாகத்தான் கண்டோம். முன்வைப்புக்கு மீள்குறி (மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொல்லும் குறி) இருப்பதால் அவர் அதை எப்போதும் இருமுறை வாசித்துவந்தார், பிற்பகுதியை ஒருமுறைதான். 14 வாரங்கள் முழுவதும், மீள்வருகையின் வழி ஒருமுறை நடக்கப்பட்டபோதெல்லாம் முன்வைப்பின் வழி இருமுறை நடக்கப்பட்டிருந்தது. இரு வழிகளும் ஒரே ஸ்வரத்தில் சந்திக்கும் இடத்தில், கை அதிகம் தேய்ந்த வழியில் போனது வியப்பல்ல.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அடுத்த நிகழ்ச்சி பத்து வாரங்களில் இருந்தது. தாளை வைத்து வாசிக்கலாம் என்பதை நான் மனப்பூர்வமாகவே முன்வைத்தேன். அதில் இழிவு ஒன்றுமில்லை. ஸ்வியாதொஸ்லாவ் ரிக்டர் போன்ற பியானோ மேதையே தம் கடைசி ஆண்டுகளில் இருண்ட அரங்கில் தாளின் மேல் ஒரு சிறு விளக்கை மட்டும் ஏற்றிவைத்து வாசித்தார். மாணவி மறுத்தார். அதே இரண்டு படைப்புகளை, தாள் இல்லாமல் வாசிக்க வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டேன், ஒரு நிபந்தனையோடு: மூடிய தாள் பியானோவின் மேல் இருக்கும், தேவைப்பட்டால் திறக்கலாம், அது தோல்வி ஆகாது.

முதல் மூன்று வாரங்களுக்கு முழு வாசிப்பை நிறுத்தினோம். அவருக்கு இது மிகவும் கடினமாக இருந்தது, ஏனென்றால் முழுதாக வாசிப்பதுதான் அவருக்கு நம்பிக்கை தந்துவந்தது. அந்த நம்பிக்கையே எங்களை ஏமாற்றியது என்பதை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை இதற்கு உதவியது. ஓர் உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவுகூர்ந்தார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். உட்செலுத்துவது வேறு, வெளியே எடுப்பது வேறு. மேடையில் தேவைப்படுவது இரண்டாவது.

அடுத்து, படைப்புக்குள் நுழையும் இடங்களைக் குறித்தோம். இதற்கு ‘வாசல்’ என்று மாணவிதான் பெயர் வைத்தார். ராஜர் சாஃபின் என்ற உளவியலாளரும் கப்ரியேலா இம்ரே என்ற பியானோ கலைஞரும் சேர்ந்து, பாக்கின் இத்தாலிய கான்செர்ட்டோவின் மூன்றாம் பகுதியை இம்ரே மனப்பாடம் செய்த விதத்தை நாள்தோறும் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். அனுபவமுள்ள கலைஞர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நினைப்பதில்லை. அமைப்பு மாறும் இடங்களிலும் இடறக்கூடிய இடங்களிலும் உணர்ச்சி திரும்பும் இடங்களிலும் தமக்கென்று குறிப்புகளை நட்டுவைத்து, வாசிக்கும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நினைவைச் செலுத்துகிறார் என்பது அதில் தெரிந்தது. நாங்கள் மோட்சார்ட்டில் 19 வாசல்கள் குறித்தோம். ஒவ்வொன்றின் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி, குலுக்கி எடுத்து, வந்த எண்ணிலிருந்து உடனே தொடங்குவது என்பது தினசரிப் பயிற்சியாயிற்று.

பியானோ இல்லாத பயிற்சிக்கு நாளில் 15 நிமிடம் ஒதுக்கினோம். பியானோ கலைஞர் வால்டர் கீசெகிங் தம் ஆசிரியர் கார்ல் லைமரிடமிருந்து கற்றுப் பரப்பிய முறை இது: விசையைத் தொடாமல் தாளை வாசித்து, மனத்துக்குள் கேட்டு, பின் எழுதிப் பார்ப்பது. பாக் முன்னிசைக்கு இது மிகவும் பொருந்தியது. அதன் 35 பார்களில் கடைசி மூன்று தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரே வடிவம்தான், ஒரு கோர்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் தொகுப்பை) தனித்தனி ஸ்வரங்களாகக் கலைத்து இருமுறை வாசிப்பது. கலைக்காமல் சேர்த்து வாசித்தால் முழுப் படைப்பும் ஒரு கோர்டு வரிசையாகச் சுருங்கிவிடுகிறது. நூற்றுக்கணக்கான ஸ்வரங்களை நினைவில் வைப்பதற்கும் முப்பத்துச் சொச்சம் கோர்டுகளை வைப்பதற்கும் உள்ள வேறுபாடு மாணவிக்கு அன்றே புரிந்தது.

பத்து வாரங்களில் நடந்தவை

நான்காம் வாரத்தில் வாசிப்பு முன்பைவிட மோசமாயிற்று. இதை மறைக்காமல் எழுத வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டத்தில்தான் பலர் பழைய முறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். வாசல்கள் அடர்ந்து இருந்ததால் ஒவ்வொரு சில நொடியிலும் அவர் எதையோ நினைக்க வேண்டியிருந்தது, ஓட்டம் செத்துவிட்டது. ஒருநாள் வகுப்பின் நடுவே அழுதார். பிழை என்னுடையது. வாசல்களை 11ஆகக் குறைத்தோம்: உண்மையில் வழி திரும்பும் இடங்கள் மட்டும். இரண்டு வாரத்தில் ஓட்டம் திரும்பியது.

49ஆம் பாருக்கான குறிப்பும் முதலில் தவறாகவே அமைந்தது. 5ஐயும் 49ஐயும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதவைத்து, பி ஃபிளாட்டைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அங்கே வரும்போது ‘பி ஃபிளாட்’ என்று மனத்துக்குள் சொல்லச் சொன்னேன். வேகமாக வாசிக்கும்போது அந்தச் சொல் எப்போதும் தாமதமாக வந்தது. வந்தபோது அவர் கண் அந்த ஒரு விசையையே தேடி, கை இறுகியது. பல நாள் முயன்றபின் அவரே வேறொன்றைக் கண்டுபிடித்தார். 48ஆம் பாரில், அதாவது ஒரு பார் முன்னதாக, ‘இடது கைக்குக் கொடு’ என்று நினைத்துக்கொண்டார். அடுத்து எங்கே போகிறோம் என்பது தெரிந்தவுடன் பி ஃபிளாட் தானாகவே வந்தது. தவிர்க்க வேண்டியதை நினைவூட்டும் குறிப்பைவிடப் போக வேண்டிய இடத்தைச் சொல்லும் குறிப்பு நன்றாக வேலை செய்கிறது என்பதை இதற்குப் பிறகு வேறு மாணவர்களிடமும் கண்டிருக்கிறேன்.

ஏழாம் வாரத்திலிருந்து நான்கு ஒத்திகைகள், ஒவ்வொன்றும் வேறு அறையில், இயன்றவரை வேறு பியானோவில், சிலர் முன்னிலையில். மூன்றாவது ஒத்திகையில், அவர் அனுமதியோடு, எதிர்பாராத இடத்தில் நான் கைதட்டுவேன். உடனே வாசிப்பை விட்டுவிட்டு அடுத்த வாசலிலிருந்து தொடர வேண்டும். பின்னோக்கிப் போகக் கூடாது என்பது ஒரே விதி. முதல் தட்டலுக்கு அவர் உறைந்துபோனார். ஆறாவது தட்டலுக்குத் தாளம் விடாமல் தாண்டினார்.

இரண்டாம் மேடை

மோட்சார்ட் முழுவதும் தவறின்றி நடந்தது. 48ஆம் பாரில் அவர் பார்வை இடது கைப் பக்கம் திரும்பியதை நான் பக்கவாட்டிலிருந்து கண்டேன்.

தவறியது பாக்கில், நாங்கள் எதிர்பாராத இடத்தில். 22ஆம் பாரிலிருந்து 23க்குப் போகும்போது பாக் கீழ்ச்சுரத்தை எஃப் ஷார்ப்பிலிருந்து ஏ ஃபிளாட்டுக்குக் கொண்டுபோகிறார். நடுவில் உள்ள ஜியைத் தாண்டிவிட்டு. செவி அங்கே ஜியை எதிர்பார்க்கிறது. பிற்காலத்தில் இந்த இடத்தில் ஜியைக் கீழ்ச்சுரமாகக் கொண்ட ஒரு பாரையே செருகிய பதிப்புகளும் உண்டு. அந்த அளவுக்கு இயல்பான எதிர்பார்ப்பு அது. மாணவியின் இடது கையும் ஜிக்குப் போயிற்று.

அவர் நிற்கவில்லை. 24ஆம் பாரில் கீழ்ச்சுரம் ஜியில் வந்து அமர்ந்து, 31வரை எட்டு பார்கள் அங்கேயே இருக்கும். அது எங்கள் வாசல்களில் ஒன்று. கை ஏற்கெனவே ஜியில் இருந்ததால், 23ஐ விட்டுவிட்டு அந்தக் கணமே 24க்குள் நுழைந்தார். ஒரு பார் குறைந்தது, தாளம் குறையவில்லை. மூடிய தாள் மூடியபடியே இருந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வாசல்களைப் பத்து வாரம் முன்பு அல்ல, படைப்பைத் தொடங்கும் முதல் நாளே குறித்திருக்க வேண்டும். விரல் பழக்கம் கெட்டிப்பட்ட பிறகு அதைப் பிரித்து அறிவைச் செருகுவது இரட்டை வேலை. நான்காம் வாரத் தளர்ச்சியில் ஒரு பகுதி இதனால் வந்தது என்றே நினைக்கிறேன். மீள்குறி உள்ள படைப்புகளில், பயிற்சியின்போது முன்வைப்பை ஒருமுறை மட்டும் வாசிக்கச் சொல்கிறேன். பாக் முன்னிசையை எளிது என்று கருதி அதில் ஒத்திகைத் தாண்டல்களைக் குறைவாகவே செய்தோம், அது பிழை. வாசலைக் குறித்து வைத்திருந்ததால் தப்பினோம், 22ஆம் பாரை முன்கூட்டியே ஆராய்ந்ததால் அல்ல.

இது ஒரே ஒரு மாணவியின் அனுபவம். இரண்டாம் மேடைக்குள் அவருக்கு வயதும் அனுபவமும் சற்றுக் கூடியிருந்தன என்பதையும், அதே படைப்புகளை மேலும் பத்து வாரம் பயின்றிருந்தார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். முறையின் பங்கு எவ்வளவு, கூடுதல் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஏழு மாதம் கழித்து

இடையில் ஒருமுறைகூட வாசிக்காமல் இருந்த மோட்சார்ட் பகுதியை, ஏழு மாதத்துக்குப் பிறகு வெற்றுத் தாளில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். இம்ரே இதே போன்ற ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் செய்தபோது, பகுதிகளின் தொடக்கங்கள் நன்றாக நினைவிருந்தன, அவற்றிலிருந்து தள்ளிப்போகப் போக நினைவு மங்கியது. மாணவியின் தாளும் அப்படியே இருந்தது. பதினொரு வாசல்களில் பத்தின் முதல் பாரை எழுதினார். இரண்டாம் கருப்பொருளின் நடுவில் பல பார்கள் வெறுமையாக இருந்தன. 48ஆம் பாருக்கு மேல் ‘இடது’ என்று சிறிய எழுத்தில் குறித்து, 49இல் பி ஃபிளாட்டைச் சரியாக எழுதி, அடுத்த நான்கு பார்களின் ஸ்கேல் ஓட்டத்தைக் கீழ்வரிசையில், இடது கைக்குரிய இடத்தில் எழுதியிருந்தார்.